பேஸ் கிட்டாரின் சின்னச் சின்னப் பழுதுகள்: வீட்டிலேயே சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

பேஸ் கிட்டாரில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை எங்கோ ஒரு நட்டோ ஸ்க்ரூவோ தளர்வதில் தொடங்குபவை. 34 அங்குல ஸ்கேல் உள்ள நாலு கம்பி பேஸில் சுருதி சேர்த்துவிட்டால், கம்பிகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ இழுவையைக் கட்டை மேல் போடுகின்றன. ஈ கம்பி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. அந்த ஆட்டமும் அகலமானது. பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் உலோகத் தட்டு), கீ (தலையில் சுருதி ஏற்றி இறக்கும் திருகு), ஜாக் (கேபிள் செருகும் துளை) என்று உலோகச் சாமான் அத்தனைக்கும் அது போய்ச் சேர்கிறது. திருவிழா சீசன் முழுக்க மேடை ஏறி இறங்கிய பேஸில் எதுவும் தளராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தளர்ந்த ஜாக் உள்ளே சுற்றும். சுற்றினால் ஒயர் முறுக்கிக்கொள்ளும், நாளடைவில் சால்டர் விட்டுப்போகும். நமக்கு வெளியே கேட்பது கரகரப்பு மட்டும்தான். அதனால் புதுப் பிக்கப்புக்கு, அதாவது கம்பியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருளுக்கு, காசு எடுத்து வைக்கும் முன் ஸ்பேனரை எடுத்துப் பாருங்கள். கீழே உள்ள வரிசையும் அந்த எண்ணத்தில் அமைந்ததுதான்: இறுக்க வேண்டியதை முதலில் இறுக்குவோம், பத்தவைப்பதைப் பிறகு பார்ப்போம்.

கையில் இருக்க வேண்டியவை

நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் இரண்டு அளவில் (1, 2), தட்டை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, 1.5 மி.மீ. முதல் 5 மி.மீ. வரை அடங்கிய ஆலன் கீ செட், 10 முதல் 13 மி.மீ. வரை ஸ்பேனர், நோஸ் பிளையர், 150 மி.மீ. ஸ்டீல் ஸ்கேல், கன்டினியூட்டி ‘பீப்’ அடிக்கும் மல்டிமீட்டர். அமெரிக்கத் தயாரிப்பு பேஸ் என்றால் ஆலன் கீயும் ஸ்பேனரும் அங்குல அளவில் வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று மி.மீ. கீயைப் போட்டுத் திருகினால் ஸ்க்ரூவின் ஆறு முனையும் மழுங்கிவிடும். அதற்குப் பிறகு அதை வெளியே எடுப்பதே தனி வேலை.

பத்தவைக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். பாட்டின் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் பொடென்ஷியோமீட்டர்) முதுகில் எர்த் ஒயர் பத்தவைக்க மட்டும் 40 வாட் இருந்தால் நல்லது. 60/40 ரக, நடுவில் ஃப்ளக்ஸ் உள்ள மெல்லிய ஈயக்கம்பி, பழைய ஈயத்தை உறிஞ்சும் பம்ப், காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே எல்லாம் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்கலாம். நட்டின் (இறுக்கும் நட் அல்ல, நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளம் வைத்த துண்டு) பள்ளத்தைச் சீவ மெல்லிய அரம் வேண்டும் என்றால் கிட்டார் கடையில் தேட வேண்டியதில்லை. தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் ஊசி அரம் கேளுங்கள். உருண்டை வடிவம் உள்ளதாக எடுங்கள்.

இவை தவிர, மரவேலைக்கான ஃபெவிகால், மூங்கில் பல்குச்சி, மெழுகுவர்த்தித் துண்டு, நகப்பாலிஷ், தையல் மிஷின் எண்ணெய், 2பி பென்சில், உப்புத்தாள். எல்லாம் வீட்டிலேயே இருப்பவை, இல்லாவிட்டால் தெருமுனைக் கடையில் கிடைப்பவை.

ஸ்க்ரூவில் கை வைக்கும் முன்

மேஜையில் கனமான துண்டை விரியுங்கள். நெக்கின் கீழே, தலைப்பக்கம், இன்னொரு துண்டைச் சுருட்டி வையுங்கள். ஆம்பிலிருந்து கேபிளை உருவிவிடுங்கள். எந்த மூடியைத் திறந்தாலும் முதலில் போனில் ஒரு படம். ஒயர்களை விலக்கியபின் இன்னொரு படம். கழற்றிய ஸ்க்ரூக்களை இட்லித் தட்டின் குழிகளில் இடவாரியாகப் போடுங்கள். பிரிட்ஜ் ஸ்க்ரூவும் பிக்கப் ஸ்க்ரூவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், நீளம் மாறும். நீளமானது தவறான இடத்தில் ஏறினால் மறுபக்கம் கட்டையைத் துளைத்துக்கொண்டு வரும்.

வாசிக்கும்போது மட்டும் வரும் பழுதா, எப்போதும் இருக்கிறதா, பேஸைத் தொட்டால் மாறுகிறதா, கேபிளை அசைத்தால் மாறுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வேறு ஒரு கேபிளை மாட்டிப் பார்க்காமல் பேஸைத் திறக்கவே வேண்டாம். பேஸின் மேல் விழும் பழியில் நிறைய கேபிளுடையது.

பெல்ட் பட்டன் ஆடுகிறது

பேஸின் எடை சாதாரணமாக 4 கிலோ வரும். அத்தனையும் இரண்டு ஸ்க்ரூவில் தொங்குகிறது. பட்டன் கையால் ஆட்டினால் அசைகிறது என்றால் மேடையில் அது கழன்று விழுவது நாள் கணக்குதான். அப்படியே இறுக்கிப் பாருங்கள். இறுகி நின்றால் சரி. சுற்றிக்கொண்டே போகிறது என்றால் கட்டையில் மரை தேய்ந்துவிட்டது.

ஸ்க்ரூவைக் கழற்றி ஓட்டைக்குள் இருக்கும் மரத்தூளை ஊதி எடுங்கள். இரண்டு மூன்று பல்குச்சியை ஃபெவிகாலில் முக்கி, ஓட்டை நிறையும்வரை அடிவரைக்கும் செருகுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருப்பதை பிளேடால் மட்டமாக அறுத்துவிட்டு ஒரு முழுநாள் விட வேண்டும். தீக்குச்சி மென்மையான மரம், தென்னை ஈர்க்கு அதைவிட மோசம், இரண்டும் நசுங்கிவிடும். மூங்கில்தான் மரையைப் பிடித்து வைக்கும். ஃபெவிகால் ஈரமாக இருக்கும்போதே ஸ்க்ரூவை முடுக்குகிறவர்கள் உண்டு. அது ஒரு மாதம் நிற்கும், பிறகு பழையபடி ஆடும். அவசரத்துக்குச் சூப்பர் க்ளூவும் வேண்டாம்: உடைந்து நொறுங்கும், பெயிண்டிலும் வழிந்து கறை போடும்.

ஓட்டை மிகவும் பெரிதாகிவிட்டால் 6 மி.மீ. டிரில்லால் நேராக விரித்து, அதே கனத்தில் தேக்கு அல்லது வேறு கெட்டி மரக்குச்சியை ஃபெவிகால் போட்டு அடித்து இறக்குங்கள். காய்ந்தபின் நடுவில் புது ஓட்டை போட வேண்டும். 3.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. பிட் சரி. எவ்வளவு ஆழம் என்று பிட்டிலேயே இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவின் மரையை மெழுகுவர்த்தியில் இரண்டு இழுப்பு இழுத்து முடுக்கினால் கட்டை பிளக்காது, ஸ்க்ரூ தலையும் கெடாது. சோப்பு தேய்ப்பது பழைய வழக்கம். அது ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும், விட்டுவிடுங்கள். பட்டனுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ஃபெல்ட் வாஷர் இருக்கட்டும்.

இந்த முறை பெல்ட் பட்டனோடு நிற்பதில்லை. பிக்கார்டு (பாடியின் முன்பக்கத் தகடு), கீ, பிரிட்ஜ், பின்மூடி என்று கட்டையில் எந்த ஸ்க்ரூ சுற்றிக்கொண்டு போனாலும் இதே வைத்தியம்தான்.

கீ சுருதி நிற்கவில்லை என்றால்

கீயை மாற்றும் முன் கம்பி எப்படிச் சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். சுருதி இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான். பேஸ் கம்பி கம்பத்தில் (கீயைத் திருப்பினால் சுழலும் தண்டு) இரண்டரை முதல் நாலு சுற்று, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் மேலிருந்து கீழாக இறங்க வேண்டும். புதுக் கம்பி போடும்போது, கம்பத்தைத் தாண்டி 10 முதல் 12 செ.மீ. விட்டு, அந்த இடத்தில் முதலில் 90 டிகிரிக்கு மடியுங்கள், பிறகு மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் வெளிச்சுற்று உள் நடுக்கம்பியிலிருந்து நழுவும். கம்பி புதிதாகவே இருக்கும், ஆனால் சத்தம் செத்துப்போயிருக்கும். வெட்டிய முனையைக் கம்பத்தின் நடு ஓட்டைக்குள் அடிவரை இறக்கி, மடிப்பு பிளவில் உட்கார்ந்தபின் சுற்றுங்கள்.

சுற்று சரியாக இருந்தும் சுருதி இறங்கினால் கம்பத்தை விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால், தலையின் முன்பக்கம் கம்பத்தைச் சுற்றி இருக்கும் உலோக வளையமான புஷ்ஷைப் பாருங்கள். நட் வைத்த மாதிரி என்றால் ஸ்பேனரால் மெதுவாக இறுக்கலாம். அழுத்தி இறக்கிய மாதிரி புஷ் மேலே கிளம்பியிருந்தால், கம்பியைக் கழற்றிவிட்டு, துணி வைத்த மரத்துண்டால் அழுத்தி உட்கார வையுங்கள். சுத்தியல் கூடாது. பின்பக்கம் உள்ள நாலு சின்ன ஸ்க்ரூவும் மிக மெல்லியவை, அதிகம் முடுக்கினால் தலை முறிந்து உடம்பு கட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். விரலால் ஓட்டியதுபோல இறுகியதும் கால் சுற்று, அவ்வளவுதான். புது ஓட்டை போட நேர்ந்தால் 2 மி.மீ. பிட்டும் மெழுகும் கட்டாயம்.

பல்சக்கரம் திறந்திருக்கும் மாடலில் தூசி படிந்து கரகரக்கும். ஆனையூர், ஒத்தக்கடை, மேலூர் என்று திறந்தவெளி மேடைகளில் வாசிக்கும் பேஸுக்கு இது நிச்சயம். பழைய டூத் பிரஷ்ஷால் தூசியைத் துடைத்தெடுத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. சொட்டு என்றால் சொட்டுதான். வழிந்தால் கட்டைக்குள் இறங்கி ஸ்க்ரூவின் பிடியைக் கெடுக்கும். சக்கரத்தின் நடு ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். கீயைத் திருப்பும்போது கம்பம் நகர்வதற்கு முன் அரைச் சுற்று சும்மா போகிறது என்றால் பல் தேய்ந்துவிட்டது, மாற்றுவதுதான் வழி. அதுவரை சமாளிக்க, சுருதியை எப்போதும் கீழிருந்து மேலாக ஏற்றி நிறுத்துங்கள்.

திருப்பும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் வந்து சுருதி தாவினால் குற்றம் கீயில் இல்லை, நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. கம்பியைத் தூக்கிவிட்டு, பள்ளத்தில் 2பி பென்சிலைத் தேயுங்கள். அப்படியும் சிக்கினால் ஊசி அரத்தால், கீயை நோக்கிச் சரிவாக, இரண்டு இழுப்பு. பள்ளத்தின் பக்கச் சுவரைத்தான் சீவ வேண்டும். அடியை ஆழப்படுத்திவிட்டால் கம்பி முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) மோதி உறுமும். ஆழம் சரியா என்று பார்க்க, மூன்றாம் ஃப்ரெட்டுக்குப் பின்னால் கம்பியை அழுத்துங்கள்; முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி தெரிய வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் பள்ளம் இறங்கிவிட்டது.

பிரிட்ஜும் நெக்கும்

பிரிட்ஜில் வரும் இரைச்சல் பெரும்பாலும் சேடிலின் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் துண்டு) உயரம் வைக்கும் சின்ன ஆலன் ஸ்க்ரூவிலிருந்து வரும். ஒரு சேடிலில் இரண்டு ஸ்க்ரூ. ஒன்று பிரிட்ஜ் தட்டைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால் அது தன்னிச்சையாக அதிரும். இரண்டும் தட்டில் சமமாக ஊன்றி நிற்க வேண்டும். சரியான உயரத்தில் வைத்தபின் மரையில் நகப்பாலிஷ் ஒரு துளி விட்டால் அதிர்வில் கழலாது. வேண்டும்போது கையால் திருப்பவும் வரும். வியர்வையில் துரு ஏறி இறுகிவிட்ட ஸ்க்ரூவுக்கு மிஷின் எண்ணெய் ஒரு துளி விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு, பிறகு கழற்றும் பக்கம். எடுத்த எடுப்பில் பலத்தைக் காட்டினால் ஆலன் கீதான் வழுக்கும்.

உயரம், நீளம் என்று எதைத் தொட்டாலும் வரிசை முக்கியம்: முதலில் நெக்கின் வளைவு, பிறகு கம்பி உயரம், கடைசியில் சேடிலின் நீளம். தலைகீழாகச் செய்தால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய நேரும்.

வளைவைப் பார்க்க, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கடைசி ஃப்ரெட்டில் ஈ கம்பியை அழுத்துங்கள். ஏழு, எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழே 0.3 முதல் 0.35 மி.மீ. இடைவெளி வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. இடைவெளி கூடுதல் என்றால் டிரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும், வளைவைத் திருத்தும் இரும்புத் தண்டு) வலப்பக்கம், குறைவு என்றால் இடப்பக்கம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியபின் சுருதி சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். கடினமாகத் தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். டிரஸ் ராடு முறிந்தால் அது வீட்டு வேலை அல்ல. சித்திரை வெயிலில் ஒரு அளவும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேறு அளவும் காட்டுவது மரத்தின் இயல்பு. ஆண்டுக்கு இரண்டு தடவை அளந்தால் போதும். கோடைக் காய்ச்சலில் பலகை சுருங்கி, ஃப்ரெட்டின் ஓரங்கள் உள்ளங்கையைக் கீறுவதும் இதனால்தான்.

கம்பி உயரத்தை 17ஆம் ஃப்ரெட்டில் ஸ்டீல் ஸ்கேலால் அளக்க வேண்டும். ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடிவரை, ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. என்று தொடங்கலாம். ஓங்கி அடித்து வாசிக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றம் தேவைப்படும்.

சேடிலின் நீளம்: 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) எழுப்பி டியூனரில் பாருங்கள், பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசித்துப் பாருங்கள். அழுத்திய சுரம் ஏறித் தெரிந்தால் சேடிலைப் பின்னால் இழுங்கள்; இறங்கித் தெரிந்தால் முன்னால் தள்ளுங்கள். பழைய கம்பியில் இதைச் செய்வது வீண் வேலை, கம்பியே சீராக அதிராது.

ஈ அல்லது ஜி கம்பி பலகையின் விளிம்பை விட்டு வெளியே போவதுபோல இருந்தால் நெக் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. பெட்டியில் போட்டு வேன் மேல் கட்டிக்கொண்டு போகிற பேஸில் இது அடிக்கடி வரும். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, பின்னால் உள்ள நாலு ஸ்க்ரூவையும் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். நெக்கைத் தேவையான பக்கம் இழுத்துப் பிடித்தபடி, குறுக்கு மூலை வரிசையில் மறுபடி இறுக்குங்கள்.

ஜாக்: இங்கே நின்று வேலை செய்யுங்கள்

கேபிளை அசைத்தால் சத்தம் வருவதும் போவதுமாக இருக்கிறதா? கேபிள் நல்லதுதானா? அப்படியானால் ஜாக். வெளி நட்டை மட்டும் பிடித்து இறுக்குவதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. நட்டோடு சேர்ந்து முழு ஜாக்கும் உள்ளே சுற்றும், ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும். சின்னத் தளர்வாக இருந்தது மொத்தமாகச் சத்தம் நின்ற பழுதாகிவிடும்.

1. ஜாக் தட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, தட்டோடு ஜாக்கை வெளியே எடுங்கள். பிக்கார்டிலோ கட்டையின் விளிம்பிலோ பதித்திருந்தால் அதற்குரிய மூடியைத் திறந்து உள்பக்கத்துக்குக் கை போகும்படி செய்யுங்கள்.

2. உள்பக்கம் ஜாக்கின் உடம்பை நோஸ் பிளையரால் அசையாமல் பிடித்துக்கொண்டு வெளி நட்டை இறுக்குங்கள். அமெரிக்க ஜாக்குக்கு அரை அங்குல ஸ்பேனர், மற்றவற்றுக்கு 11 அல்லது 12 மி.மீ. வரும். உள்பக்கம் பல் வைத்த ஸ்டார் வாஷர் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்று வாங்கிப் போடுங்கள். ஜாக் சுற்றாமல் பிடித்து வைப்பது அந்த வாஷர்தான்.

3. கேபிள் பிளக்கைச் செருகி, வளைந்த நீளமான நாக்கைப் பாருங்கள். பிளக்கின் நுனிப் பள்ளத்தில் அது அழுத்தமாக உட்கார வேண்டும். தொட்டும் தொடாமலும் இருந்தால் பிளக்கை உருவிவிட்டு நாக்கை ஒரு மி.மீ. உள்பக்கம் வளையுங்கள். கரி படிந்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் நனைத்த துணியால் துடைக்கலாம். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய், அடுத்த மழைக்குள் பச்சை பூக்கும்.

4. ஒயர்களை மெதுவாக இழுத்துப் பாருங்கள். சால்டர் பளபளப்பாக, ஒயரோடு ஒன்றிப் படர்ந்திருந்தால் நல்லது. மங்கலாக உருண்டை கட்டி நிற்பது சரியாகப் பிடிக்காத சால்டர், திரும்பச் செய்ய வேண்டியது.

5. பத்தவைக்கும்போது பழைய ஈயத்தைப் பம்பால் எடுத்து, ஒயரின் நுனியில் 5 மி.மீ. தோல் உரித்து முறுக்கி, முதலில் ஒயருக்குத் தனியாக ஈயம் பூசுங்கள். ஜாக்கின் காதில் ஒயரைக் கொக்கிபோல மாட்டி, அயர்னைக் காதில் வைத்து இரண்டு நொடி சூடேற்றி, ஈயத்தை அயர்னில் அல்லாமல் காதில் தொடுங்கள். ஈயம் ஓடிப் பரவியதும் அயர்னை எடுத்துவிட்டு, ஆறும்வரை அசைக்காமல் பிடியுங்கள். கீழே பாடியின் பெயிண்டை அட்டை போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

எந்தக் காது எந்த ஒயருக்கு? நீள நாக்கோடு சேர்ந்த காது சத்தத்துக்கானது, வால்யூம் பாட்டிலிருந்து வரும் ஒயர் அதில். உருளையோடு சேர்ந்த காது எர்த். சந்தேகம் இருந்தால் கேபிளைச் செருகி, அதன் மறுமுனை நுனிக்கும் காதுக்கும் இடையில் மல்டிமீட்டரை ‘பீப்’பில் வைத்துப் பாருங்கள்.

வேலை முடிந்ததைச் சோதிக்க ஆம்ப் தேவையில்லை. கேபிளைப் பேஸில் செருகி, மறுமுனையின் நுனிக்கும் உடம்புக்கும் இடையில் 20 கிலோஓம் ரேஞ்சில் அளந்து பாருங்கள். பாசிவ் பேஸ் (பாட்டரி இல்லாதது) என்றால், எல்லாக் குமிழும் முழுக்கத் திறந்த நிலையில், ஒரே பிக்கப் உள்ள பிரிசிஷன் வகை 10 கிலோஓம் பக்கம் காட்டும். இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் வகை 4 கிலோஓம் பக்கம் காட்டும், இரண்டும் இணையாகச் சேர்வதால். பிரிசிஷன் வகையில் வால்யூமை மூடினால் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். முழுக்கத் திறந்தும் எதுவும் காட்டாவிட்டால் ஒயர் விட்டிருக்கிறது. திறந்தும் பூஜ்யமே என்றால் எங்கோ ஷார்ட்: ஜாக்கின் நாக்கு உள்ளே ஒட்டியிருக்கும் உலோகத் தாளில் படுகிறதா என்று முதலில் பாருங்கள்.

பாட்டரி உள்ள ஆக்டிவ் பேஸுக்கு இந்த அளவுகள் பொருந்தாது. அதன் ஜாக்கில் மூன்று காது இருக்கும். பாட்டரியின் கறுப்பு ஒயர் நடுக்காதுக்குப் போகும். பிளக் செருகும்போது அது எர்த்தோடு சேர்ந்து பாட்டரி ஓடத் தொடங்கும். அங்கே இரண்டு காது மோனோ ஜாக்கைப் போட்டால் இந்த வேலை நடக்காது. வாங்கும்போதே ஸ்டீரியோ ஜாக் என்று கேளுங்கள். இதே காரணத்தால், வாசித்து முடித்ததும் கேபிளை உருவாவிட்டால் பாட்டரி விடியும்வரை தீர்ந்துகொண்டே இருக்கும்.

‘உம்’ என்ற இரைச்சல்

கம்பியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் சரியாக இருக்கிறது. மிச்சம் கேட்பது டியூப்லைட், டிம்மர், சீரியல் பல்பு, போன் சார்ஜர் இவற்றிலிருந்து பிக்கப் வாங்குவது. ஜாஸ் வகையில் இரண்டு வால்யூமும் சமமாக இருக்கும்போது அமைதியாக இருந்து, ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் வருவது பழுது இல்லை. அந்த அமைப்பே அப்படி. தொட்டதும் கூடினால், யாரோ ஜாக்கில் இரண்டு ஒயரையும் மாற்றிப் பத்தவைத்திருக்கிறார்கள். தொட்டாலும் தொடாவிட்டாலும் மாற்றமே இல்லை என்றால் பிரிட்ஜின் எர்த் ஒயர் விட்டிருக்கிறது.

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மற்றதை ஜாக்கின் உருளையிலும் வையுங்கள். ‘பீப்’ வராவிட்டால், கம்பிகளைத் தளர்த்தி எடுத்துவிட்டு பிரிட்ஜின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். அடியில் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து ஒயர் எட்டிப்பார்க்கும். துருவோ பச்சையோ ஏறிய நுனியை வெட்டிவிட்டு, 2 செ.மீ. தோல் உரித்து, இழைகளை விசிறிபோல விரித்துக் கட்டையோடு படிய வையுங்கள். பிரிட்ஜின் அடிப்பாகம் பெயிண்டு அல்லது லாக்கர் பூசியதாக இருந்தால், ஒயர் படும் இடத்தில் மட்டும் உப்புத்தாளால் உலோகம் தெரியச் சுரண்டுங்கள். பிரிட்ஜை மூடி இறுக்கி மறுபடி அளந்தால் 1 ஓமுக்குப் பக்கத்தில் காட்டும்.

கம்பி இப்படி எர்த்தோடு சேர்ந்திருப்பதால் இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஊர்த் திருவிழா மேடையில், ஜெனரேட்டரிலோ கம்பத்திலிருந்து இழுத்த லைனிலோ கரண்ட் வரும் இடத்தில், ஆம்புக்கும் மைக் செட்டுக்கும் எர்த் ஒழுங்காக இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. ஒரு கை கம்பியில் இருக்க, உதடு மைக்கில் பட்டால், நடுவில் இருப்பது நீங்கள். வாசிக்கத் தொடங்கும் முன் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, கம்பிக்கும் மைக்கின் வலைக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், லைன் சரியாகும்வரை தொடாதீர்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை இரைச்சல் போவதற்காக எடுத்துவிடுவது கூடவே கூடாது. இங்கே ஓடுவது 230 வோல்ட்.

பாட் கரகரக்கிறது

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசி. பின்மூடியைத் திறந்தால், பாட்டின் மூன்று காதுக்கு மேலே ஒரு சின்ன இடுக்கு தெரியும். அதற்குள் காண்டாக்ட் கிளீனரை ஒரு நொடி அடித்து, குமிழை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் இருபது முப்பது தடவை திருப்புங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு வாசித்துப் பாருங்கள். சாதாரண டபிள்யூடி-40 இதற்கானது அல்ல. எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும், தூசி முன்னைவிட வேகமாக ஒட்டும்.

இரண்டு தடவை கழுவியும் கரகரத்தால் பாட்டை மாற்றலாம். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள பாசிவ் பேஸில் 250 கிலோஓம், லாக் ரகம். மேலே ஏ250கே என்று அச்சிட்டிருக்கும். பி என்று இருந்தால் லீனியர். ஓடும், ஆனால் வால்யூம் கடைசிக் கொஞ்சத்தில் திடீரென்று விழும். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் உள்ளதில் 500, ஆக்டிவ்வில் பொதுவாக 25. ரேடியோ கடையில் 100 கிலோஓம் பாட்டை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், சத்தத்தின் ஓசைக்கூர்மை மழுங்கிவிடும். பழைய பாட்டையே கையோடு கொண்டுபோய்த் தண்டின் கனத்தையும் கழுத்தின் மரையையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பெரிய பாட்டுக்குக் கட்டையில் 9.5 மி.மீ. ஓட்டை வேண்டும், சின்னதுக்கு 7 அல்லது 8. குமிழின் உள்பல்லும் இரண்டு ரகத்தில் வருகிறது. டோன் பாட்டில் தொங்கும் கப்பாசிட்டரில் பெரும்பாலும் 473 என்று இருக்கும், அது 0.047 மைக்ரோஃபாரட். 50 வோல்ட் ரகமே தாராளம்.

பாட்டின் முதுகில் எர்த் ஒயர் பத்தவைப்பதுதான் கொஞ்சம் கடினம். முதுகை உப்புத்தாளால் தேய்த்து, முதலில் அங்கே ஈயத்தைப் பூசிக்கொள்ளுங்கள். பிறகு ஈயம் பூசிய ஒயரை வைத்து 40 வாட் அயர்னால் மூன்று நான்கு நொடியில் முடித்துவிடுங்கள். சூடு குறைந்த அயர்னை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் கார்பன் தடம் கருகும், புது பாட்டே கரகரக்கத் தொடங்கும்.

பிக்கப் உயரம், பாட்டரி கிளிப்

கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, கம்பியின் அடியிலிருந்து பிக்கப் காந்தம்வரை அளக்க வேண்டும். ஈ பக்கம் 2.5 முதல் 3 மி.மீ., ஜி பக்கம் 2 முதல் 2.5. ரொம்ப நெருங்கினால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்து, மேல் ஃப்ரெட்களில் சுருதி அலையும். ஸ்க்ரூவைத் திருப்பியும் பிக்கப் மேலே வராவிட்டால் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் நசுங்கிவிட்டது. அதே கனத்தில் புதுத் துண்டு ஒன்றை வெட்டி வையுங்கள்.

9 வோல்ட் பாட்டரி 7.5க்குக் கீழே இறங்கினால் சத்தம் சிதறத் தொடங்கும். பாட்டரி கசிந்து கிளிப்பில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால், பஞ்சுக்குச்சியில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, ஈரத்துணியால் மறுபடி துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

துரு போக்க இரும்புக் கம்பளியைப் பிக்கப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். உதிரும் தூளைக் காந்தம் பிடித்துக்கொண்டால் எடுக்கவே முடியாது.

ஃப்ரெட் தேய்த்து மட்டம் செய்வது, முறிந்த டிரஸ் ராடு, தலையில் விரிசல், ஆக்டிவ் சர்க்யூட் பலகைக்குள் வரும் கோளாறு, ஆம்பின் உள்ளே எது வந்தாலும், இவற்றை வீட்டில் தொட வேண்டாம். ஆம்பின் கப்பாசிட்டர்கள் பிளக்கை உருவிய பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும்.

கச்சேரிக்குக் கொண்டுபோகும் பையில் ஒரு சின்ன டப்பா இருக்கட்டும்: நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், உங்கள் பிரிட்ஜுக்கும் டிரஸ் ராடுக்கும் பொருந்தும் ஆலன் கீ, ஜாக் ஸ்பேனர், ஸ்டார் வாஷர் இரண்டு, பல்குச்சி, மல்டிமீட்டர், கேபிள் ஒன்று கூடுதலாக, ஆக்டிவ் பேஸ் என்றால் சீல் பிரிக்காத 9 வோல்ட் பாட்டரி.